ஆட்டோ சங்கரின் சுயசரிதையும் எஸ்.வி.சேகரின் பகிர்வும்

ஒருவர் ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற கைதி. மற்றவர் மேடையிலும் திரையிலும் ஊரைச் சிரிக்க வைத்தவர், மயிலாப்பூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். முதலாமவர் பெயரில் வந்த எழுத்தை அச்சிடுவதை அரசு தடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டாமவருக்கோ, தாம் எழுதாத, படிக்கவே இல்லை என்று சாதித்த ஒரு பதிவுக்காக ஒரு மாதச் சிறைத் தண்டனை. ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் முடிவு தலைகீழாக வந்திருக்க வேண்டும். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசப்பட்டது என்பதைத்தான் சட்டம் பார்த்தது. தாம்பரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நலச்சங்க வாட்ஸ்அப் குழுக்களில் பொழுது விடிந்தால் எழுதத் தொடங்கும் நாம் இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். தாராளமாகப் பேசு என்று சட்டம் சொல்லும் இடத்தில் நாம் வாயைப் பொத்திக்கொள்கிறோம். பார்த்துப் பேசு என்று சொல்லும் இடத்தில் கூசாமல் பேசுகிறோம்.

முதல் வழக்கு நம் பக்கத்துக் கதை. 1980களில் திருவான்மியூர் சென்னையின் தெற்கு விளிம்பு. கௌரி சங்கர் என்ற ஆட்டோ சங்கர் சாராயத்திலும் பாலியல் தொழிலிலும் வளர்ந்தது அங்கேதான். 1991 மே மாதம் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 1992இலும் உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலிலும் அதை உறுதி செய்தன. அதன் பிறகு ‘நக்கீரன்’ அவருடைய சுயசரிதையை வெளியிடப்போவதாக அறிவித்தது. சிறையில் இருந்தபடியே அவர் எழுதியது, சுமார் 300 பக்கம், மனைவி வழியாக வழக்கறிஞர் கைக்கு வந்தது என்று இதழ் சொன்னது. காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலருக்கு அவருடன் இருந்த உறவு அதில் வெளிவரும் என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: அப்படி ஒரு சுயசரிதையே கிடையாது, வெளியிடுவது சிறை விதிகளுக்குப் புறம்பு, நிறுத்தாவிட்டால் நடவடிக்கை வரும். ஆசிரியர் ராஜகோபால், அதாவது நக்கீரன் கோபால், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டியும் எஸ்.சி.சென்னும் தந்த தீர்ப்பில் ஒரு விசித்திரம் உண்டு. சங்கரோ அவர் மனைவியோ அந்த வழக்கில் தரப்பினராக இல்லை. ஆகவே அவர் எழுதவும் இல்லை, வெளியிட அனுமதிக்கவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு நீதிமன்றம் யோசித்தது. அப்படி வைத்துக்கொண்டாலும், நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யார் அனுமதியும் தேவையில்லை என்று முடிவு செய்தது. அதைத் தாண்டி அவருடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் அந்தரங்க உரிமையில் கை வைப்பதாகும் என்றும் சொன்னது. ஆறு கொலை செய்தவனுக்கும் தன் வாழ்க்கை தன்னுடையது என்று சொல்லும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் எழுதிய ஆண்டு அது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது 2017இல்தான்.

நமக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதி. அதிகாரிகளின் பெயர் கெடும் என்று சொல்லி அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கு எந்த அதிகாரமும் இல்லை. குறை இருந்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும். அரசு, உள்ளாட்சி அமைப்பு, அரசதிகாரம் செலுத்தும் மற்ற நிறுவனங்கள் ஆகியவை தங்களை அவதூறு செய்ததாகச் சொல்லி நஷ்டஈடு கேட்கவே முடியாது. அதிகாரி ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்கலாம். ஆனால் விஷயம் அவருடைய அலுவல் சார்ந்ததாக இருந்தால், வெளியானது தவறான தகவல் என்று காட்டுவது மட்டும் போதாது; உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலே எழுதினார்கள் என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். நியாயமான அளவுக்கு விசாரித்தே எழுதினேன் என்று எழுதியவர் காட்டினால் போதும். இதற்கு நீதிபதிகள் துணைக்கு அழைத்தவை அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு சல்லிவன் வழக்கும், பிரிட்டனின் 1993ஆம் ஆண்டு டெர்பிஷையர் வழக்கும். பின்னதில் ஒரு மாவட்ட ஊராட்சி மன்றம் பத்திரிகை மீது வழக்குப் போட்டுத் தோற்றது. உள்ளாட்சி மன்றத்தை மக்கள் திட்டட்டும், அதற்காகத்தானே தேர்தல் என்பது அங்கே வந்த முடிவின் சாரம்.

இரண்டாவது வழக்குக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது கண்டிப்பான பொருளில் அவதூறு வழக்கு அல்ல. பெண்களை இழிவுபடுத்தியதற்கான குற்ற வழக்கு. ஆனால் ‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்’ என்ற வாதம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று இல்லை.

2018 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றில் கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தில் தட்டினார். கண்டனம் எழுந்தது. அதையொட்டிப் பெண் பத்திரிகையாளர்களை மொத்தமாகக் கேவலப்படுத்தி வேறொருவர் எழுதிய பதிவை எஸ்.வி.சேகர் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கு நின்றது. 2023 ஜூலையில் அதை ரத்து செய்ய மறுத்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டார். அனுப்பியவர் கையில் இருக்கும்வரைதான் அவர் கட்டுப்பாடு, பிறகு அது செய்யும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. உச்ச நீதிமன்றத்தில், சம்பவத்தன்று கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்று அவர் தரப்பு வாதிட்டது. படிக்க முடியாத கண்ணுக்குப் பகிரும் பொத்தான் மட்டும் எப்படித் தெரிந்தது என்று தேநீர்க்கடையில் கேட்டிருப்பார்கள். சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறவர் அதன் வீச்சு தெரிந்து நடக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றமும் மனுவைத் தள்ளியது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் குறுக்கே வந்தது அரசு. பேசப்பட்டது அதிகாரிகளின் நடத்தை. வெளியீட்டுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர், தன் பெயரை அச்சிட்டவர், நீதிமன்றம் கூப்பிட்டால் போய் நிற்கப் போகிறவர். இரண்டாவதில் புண்பட்டவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்கள். அதில் பொதுக்காரியம் எதுவும் இல்லை. எழுதியவரும் பகிர்ந்தவரும் வேறு வேறு ஆட்கள். இடையில் யாருமே படித்துப் பார்க்கவில்லை.

என் கணக்கில் மிகப் பெரிய வேறுபாடு அந்தக் கடைசிச் செய்திதான். இதழில் ஒரு வரி வெளிவந்தால் எழுதியவர், ஆசிரியர், அச்சிட்டவர் என்று பொறுப்பு பலர் தோளில் பகிர்ந்து கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் அது ஒரே ஆள்மேல் வந்து விழுகிறது. வாட்ஸ்அப் நிறுவனத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வரும்வரை அது எதையும் நீக்க வேண்டியதில்லை என்று 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் முடிவானது. ‘அட்மினும்’ பெரும்பாலும் தப்பிவிடுகிறார். கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர் போட்ட பதிவுக்காக நிர்வாகியின் பெயரையும் வழக்கில் சேர்த்தது காவல்துறை. நிர்வாகியாக இருந்ததைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். நியாயமான உத்தரவு. இருநூறு பேர் வாய்க்கு ஒருவரைக் காவல் வைக்க முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தை நம் குழுக்களில் யாரும் கவனிப்பதில்லை: நிறுவனம் தப்பிவிட்டது, நிர்வாகி தப்பிவிட்டார், மிச்சம் இருப்பது பொத்தானை அழுத்திய நீங்கள்தான். ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. படிக்காமல் அனுப்பினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாக வேண்டுமானால் அது பயன்படும்.

நம் ஊருக்கு வருவோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் 70 வார்டுகளோடு மாநகராட்சி வந்தது. இரண்டு மாதம் கழித்து, 2022 ஜனவரி 1இல் தாம்பரம் காவல் ஆணையரகம். கேள்வி கேட்க ஒன்றும் பயப்பட ஒன்றுமாக அடுத்தடுத்துக் கிடைத்தன. இந்த ஊர்களின் நலச்சங்கக் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் இரண்டு வகைப் பதிவுகள் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும்.

முதல் வகை, மாநகராட்சி சம்பந்தப்பட்டது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெரு மூடப்படாமல் கிடக்கிறது, கழிவுநீர் லாரி ராத்திரியில் ஏரிக்கரையில் திறந்துவிட்டுப் போகிறது. படம் இருக்கும், ஆனால் பெயர் இருக்காது. ‘சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்’ என்று ஒரு வரி, கூடவே கும்பிடும் கை. யார் அந்த ஒப்பந்தக்காரர், எந்தப் பொறியாளர், கவுன்சிலரிடம் சொன்னீர்களா என்று யாராவது கேட்டால் உடனே தனிச்செய்தி வரும்: “பேர் வேணாம் சார், அவர் ஆளுங்க குரூப்ல இருக்காங்க.”

இரண்டாம் வகை, ‘உஷார்!’ என்று தொடங்கும். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் ஆதார் நகல், புகைப்படம், ஊர், புருஷன் பெயர் எல்லாம் இருக்கும். ‘இவரை யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம், நகை திருடியவர், அனைவருக்கும் பகிரவும்.’ அல்லது வாசலில் நின்று எட்டிப்பார்த்த ஒரு பையனின் சிசிடிவி துணுக்கு. அரை மணி நேரத்தில் அது சேலையூரிலிருந்து மேடவாக்கம் தாண்டிப் போயிருக்கும். காணாமல் போன கம்மல் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தால் அந்தச் செய்தி மட்டும் குழுவுக்கு வராது.

நக்கீரன் தீர்ப்பின்படி பார்த்தால் முதல் வகைப் பதிவில்தான் நமக்கு அதிகச் சுதந்திரம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அமைச்சர் தா.மோ.அன்பரசன் அதை மறுத்தார். ‘எங்கள் குழாயில் இன்று காலை இந்த நிறத்தில் தண்ணீர் வந்தது, நாறியது’ என்று படத்தோடு அன்று எழுதியவர் எந்தச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. காரணம் வேறு என்று ஆய்வகம் பிறகு சொன்னாலும், உள்ளாட்சி அமைப்பு அவரிடம் நஷ்டஈடு கேட்க வழி இல்லை. வேலைக்கார அம்மாவின் ஆதாரைப் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பில் துளியும் கிடையாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகிவிட்ட அவதூறுக் குற்றத்தில், சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்றால், உரிய கவனத்தோடு செய்ததையே சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்கும். இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்ற தண்டனையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பிறகு ஏன் நாம் தலைகீழாக நடக்கிறோம்? கோழைத்தனம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சட்டப் புத்தகத்தில் யாருக்கு உரிமை அதிகம் என்பது ஒன்று, யாரால் நீதிமன்றப் படியேற முடியும் என்பது வேறொன்று. சட்டம் மிக அதிகமாகப் பாதுகாப்பது அந்த வேலைக்காரப் பெண்ணை. அவரால் ஒரு நாள் கூலியை விட்டுத் தாம்பரம் நீதிமன்றத்துக்கு வந்து வக்கீல் வைக்க முடியுமா? முடியாது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். சட்டம் குறைவாகவே பாதுகாக்கும் அரசியல்வாதியால் எல்லாம் முடியும். நக்கீரன் தீர்ப்பு நஷ்டஈட்டைப் பற்றித்தான் பேசியது. குற்ற வழக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டது. விட்ட இடத்தில் புகுந்து விளையாடினார்கள். ஜெயலலிதா ஆட்சியில் 2011 முதல் ஐந்தாண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டதாக உச்ச நீதிமன்றத்திடமே கணக்குச் சொல்லப்பட்டது. அவற்றுள் சிக்கிய சுப்பிரமணியன் சுவாமி அந்தச் சட்டமே செல்லாது என்று வாதாடினார். 2016 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2020 மே மாதம் நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகை ஆசிரியர்கள்மேல் தமிழக அரசு போட்டிருந்த அவதூறு வழக்குகளை ரத்து செய்து, சாதாரண ஆளைப்போல அரசு அவசரப்பட்டு வழக்குப் போடக்கூடாது என்றார். பத்திரிகைகளால் எட்டு ஆண்டு வழக்கு நடத்திக் காத்திருக்க முடியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவர் எதற்கு வம்பு என்று கும்பிடும் கையோடு நிறுத்திக்கொள்வதை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

என்றாலும் அந்தப் பயத்தில் பாதி, விவரம் தெரியாததால் வருவது. ‘ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட்டு உள்ள தள்ளிடுவேன்’ என்ற மிரட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் அவதூறு என்றால் காவல் நிலையம் தானாக எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். பெண்களை இழிவுபடுத்துவது, சாதி மத மோதலைத் தூண்டுவது போன்றவை சேர்ந்தால்தான் காவல்துறை நேரடியாக வரும், எஸ்.வி.சேகர் வழக்கில் அப்படித்தான் வந்தது. சாலையைப் பற்றி எழுதினால் வராது, வந்தாலும் நிற்காது.

இரண்டு வகைக்கும் நடுவே ஒரு சிக்கலான இடம் இருக்கிறது. அரசதிகாரமுமல்ல, ஏழையுமல்ல: பள்ளிக்கூடம், மருத்துவமனை, கட்டுநர், பேர் பெற்ற ஆசிரியர். ஆட்டோ சங்கரின் அதே திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா என்ற கலைக்கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே பாலியல் தொல்லை நடப்பதாகச் சமூக ஊடகங்களில் பேச்சு கிளம்பியபோது நிர்வாகம் அதை வதந்தி என்றது. 2023 மார்ச் இறுதியில் மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். பார்த்துப் பேசு என்று அந்த மாணவிகளிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த நடு இடத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் வாதமல்ல. தன் கண்ணால் கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் சொல்பவருக்கும், யாருக்கோ நேர்ந்ததாக எவரோ சொன்னதை அனுப்புபவருக்கும் உள்ள இடைவெளி பெரிது. ‘முன்பணம் கட்டி ஓராண்டாகியும் சாவி தரவில்லை, ரசீது இதோ’ என்பது அனுபவம். ‘ஊரை ஏமாற்றும் திருடன், மேலிடத்துக்குக் கமிஷன் போகிறது’ என்பது குற்றச்சாட்டு. முதலாவதை நீதிமன்றத்தில் ரசீதே பேசும். இரண்டாவதற்கு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் வேலை பாதியில் நின்றால் வார்டு எண்ணையும் கவுன்சிலர் பெயரையும் போட்டு, எப்போது தோண்டினார்கள், எப்போது புகார் கொடுத்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். நூறு பேர் எழுதும் இடத்தில் யாரும் தனியாக மாட்டுவதில்லை. வேலைக்கு வந்தவர்மேல் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தில் தரும் புகார் அவதூறாகாது என்று சட்டத்தின் எட்டாவது விதிவிலக்கே சொல்கிறது; குழுவில் போடும் ஆதார் நகலுக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள், நீக்கியதையும் அதே குழுவில் எழுதிவிடுங்கள்.